இன்ஸ்டாலர் செய்பவர்களே, ஃப்ரேம்வொர்க்கை யார் தலையில் கட்டுகிறீர்கள்?

ஒரு டெஸ்க்டாப் மென்பொருளை எழுதி முடிக்க ஆறு மாதம் ஆகிறது. அதை அடுத்தவர் கணினியில் ஏற்றுவதற்கான இன்ஸ்டாலரைச் செய்ய எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள்? பெரும்பாலும் கடைசி நாள் சாயங்காலம்தான். விஷுவல் ஸ்டூடியோவில் நாலு தடவை நெக்ஸ்ட் அழுத்தினால் ஏதோ ஒன்று வந்துவிடுகிறது. அதை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு. மறுநாள் போன் வரும். "தம்பி, என்னமோ டாட் நெட் வேணுமாம்ல, அது எங்க கிடைக்கும்?"

இந்தக் கேள்வியை வாடிக்கையாளர் கேட்கவே கூடாது. கேட்கிறார் என்றால் இன்ஸ்டாலர் தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். ஆனால் நம் ஊர் நிரலர்களில் பலர் இதை வாடிக்கையாளரின் அறியாமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். "ரீட்மி ஃபைலில் போட்டிருக்கிறோமே, படிக்க வேண்டாமா?" என்று ஒரு எரிச்சல் வேறு. ரீட்மி ஃபைலை இந்த உலகத்தில் யார் படித்திருக்கிறார்கள், அதை எழுதியவரைத் தவிர?

ஃப்ரேம்வொர்க் என்பது என்ன? நிரலர் எழுதாமல் விட்ட வேலை. ஜன்னல் வரைவது, ஃபைல் திறப்பது, நினைவகத்தைப் பார்த்துக்கொள்வது என்று எல்லாவற்றையும் மைக்ரோசாஃப்ட்டோ வேறு யாரோ எழுதி வைத்துவிட்டார்கள். அதனால் அவருக்கு ஆறு மாதத்தில் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் இரண்டு வருடம் ஆகியிருக்கும். லாபம் நிரலருக்கு. அதன் செலவான டவுன்லோட், அட்மின் பாஸ்வேர்டு, ரீஸ்டார்ட் எல்லாம் மட்டும் பயனருக்கு என்றால் அது என்ன நியாயம்?

முதலில் ஒரு அடிப்படை விஷயம். கல்லூரி ப்ராஜெக்ட் செய்யும் பலருக்கே இது புரிவதில்லை. டாட் நெட்டில் எழுதிய ஒரு நிரலுக்குள்ளேயே 'டாட் நெட் இருக்கிறதா' என்று சோதிக்க முடியாது. அந்தச் சோதனை ஓடுவதற்கே டாட் நெட் வேண்டும்! விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் டாட் நெட் இல்லாத கணினியில் அப்படி ஒரு எக்ஸ்இ ஃபைலைச் சொடுக்கினால், அப்ளிகேஷன் சரியாகத் துவங்கவில்லை என்று ஒரு பெட்டி வரும், கூடவே மனிதர்களுக்குப் புரியாத ஒரு நீளமான குறியீடு. டாட் நெட் என்ற வார்த்தையே அதில் இருக்காது. அதனால்தான் சோதனையைச் செய்கிற செட்டப் ஃபைல் எதையும் சாராமல், நேரடியாக விண்டோஸில் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்குப் பூட்ஸ்ட்ராப்பர் என்று பெயர். தேவையானது இருக்கிறதா பார்ப்பது, இல்லாவிட்டால் ஏற்றுவது, பிறகு உண்மையான மென்பொருளை ஏற்றுவது, இதுதான் அதன் வேலை.

ஏன் ஒரே எம்எஸ்ஐ ஃபைலுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிட முடியாது என்று கேட்கலாம். விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒரு சமயத்தில் ஒரு எம்எஸ்ஐயைத்தான் ஏற்றும். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்குள்ளிருந்து இன்னொன்றை ஆரம்பித்தால், வேறொரு இன்ஸ்டலேஷன் நடந்துகொண்டிருக்கிறது என்று 1618 என்ற பிழை எண்ணோடு கதவைச் சாத்திவிடும். இது குறை இல்லை, காரணத்தோடு வைத்த பூட்டு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே ரெஜிஸ்ட்ரியில் கைவைத்தால், பாதியில் ஒன்று தோற்றுப்போகும்போது எதைத் திரும்ப எடுப்பது? ஆகவே வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக ஏற்ற வெளியே ஒரு ஆள் தேவை.

விஷுவல் ஸ்டூடியோ 2005 வந்தபோது இந்த ஆள் கூடவே வந்தார். செட்டப் ப்ராஜெக்ட் செய்தால் இரண்டு ஃபைல்கள் கிடைக்கும். ஒன்று செட்டப் எக்ஸ்இ, மற்றது எம்எஸ்ஐ. இதில் எம்எஸ்ஐயை மட்டும் மெயிலில் அனுப்பிவிட்டு, 'என் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறதே' என்று தலையைச் சொறிந்தவர்கள் ஒரு தலைமுறையே இருப்பார்கள். :) பூட்ஸ்ட்ராப்பர் இருப்பது செட்டப் எக்ஸ்இயில். எம்எஸ்ஐக்குத் தெரிந்ததெல்லாம் டாட் நெட் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லி, வலைத்தளத்துக்குப் போகிறாயா என்று கேட்பதுதான்.

அந்த செட்டப் ப்ராஜெக்ட்டில் ப்ரீரெக்விசிட்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு. அதில் மூன்று வழிகள். ஒன்று, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து டவுன்லோட் செய்துகொள்ளட்டும் என்பது. இரண்டு, என் மென்பொருள் இருக்கும் அதே இடத்திலிருந்து எடுக்கட்டும் என்பது. மூன்று, நான் சொல்லும் வேறொரு முகவரியிலிருந்து எடுக்கட்டும் என்பது. முதல் வழிதான் தானாகவே தேர்வாகியிருக்கும். பெரும்பாலானவர்கள் அதைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். இங்கேதான் வாடிக்கையாளரின் துன்பம் ஆரம்பம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2003ல் வந்த டாட் நெட் 1.1 சுமார் 23 எம்பி. 2005 நவம்பரில் வந்த 2.0 சுமார் 22 எம்பி. டயல்-அப் மோடம் 56 கேபிபிஎஸ் முழு வேகத்தில் ஓடினாலே (எந்த ஊரில் ஓடியது?) 23 எம்பிக்கு ஒரு மணி நேரம் ஆகும். நடுவில் யாராவது லேண்ட்லைன் ரிசீவரை எடுத்தால் போச்சு, முதலிலிருந்து. 2007 நவம்பரில் 3.5 வந்தபோது முழுப் பொதி 197 எம்பி. பழைய 2.0, 3.0 ஆகியவற்றின் புதுப்பித்த பதிப்புகளும், 32 பிட், 64 பிட் என்று எல்லா வகைச் சில்லுகளுக்கானவையும் ஒரே மூட்டையில் கட்டியதால் வந்த எடை. 256 கேபிபிஎஸ் பிராட்பேண்டில் அது ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். அரை எம்பி அளவில் ஒரு பில் போடும் மென்பொருளை ஓட வைப்பதற்காக!

மைக்ரோசாஃப்ட்டுக்கும் இது உறைத்திருக்க வேண்டும். 2008ல் 3.5 எஸ்பி1 உடன் கிளையன்ட் ப்ரொஃபைல் என்று ஒரு சிறிய வடிவம் கொடுத்தார்கள், சுமார் 28 எம்பி. 2010ல் வந்த டாட் நெட் 4 முழுதாகவே 48 எம்பிக்கு இளைத்துவிட்டது. 2012ல் 4.5 வந்தபோது கிளையன்ட் ப்ரொஃபைலே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள்.

இப்போது பிராட்பேண்ட் வேகமாகிவிட்டது, செல்போனிலேயே 200 எம்பி ஒரு நிமிடத்தில் இறங்குகிறது, பிறகென்ன என்று கேட்கலாம். வேகம் பிரச்சினையின் ஒரு பாதிதான். மென்பொருள் போய்ச் சேரும் இடங்களை நினைத்துப் பாருங்கள். இணையமே இல்லாத தொழிற்சாலைக் கணினி, ப்ராக்ஸி வைத்துப் பூட்டிய அலுவலகம், வைரஸ் பயத்தில் நெட் இணைப்பு கொடுக்காத மருத்துவமனை லேப். 'நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்துக்கொள்' என்ற இன்ஸ்டாலர் இங்கெல்லாம் வாசலிலேயே விழுந்துவிடும். தவிர, நிறுவனங்களின் தள முகவரிகள் காலத்துக்கும் நிற்பதில்லை. பத்து வருடத்துக்கு முன் செய்த ஒரு செட்டப்பில் பதித்த முகவரி இன்று எங்கே கொண்டுபோய் விடும் என்று யார் உத்தரவாதம் தருவது?

தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்கு இந்த வலி டாட் நெட் இல்லாமலே தெரியும். விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் ஒழுங்காகத் தெரிய ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸுக்குப் போய், சிக்கலான எழுத்துகளுக்கான ஆதரவு என்ற பெட்டியில் டிக் போட வேண்டும். போட்டதும் எக்ஸ்பி சிடியைக் கொடு என்று கேட்கும். கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கணினிக்கு ஏது சிடி? எத்தனை பேர் அந்த இடத்தோடு தமிழ்த் தட்டச்சைக் கைவிட்டிருப்பார்கள்! மாறாக, அன்றைய எ-கலப்பை செய்த காரியத்தைக் கவனியுங்கள். அதன் ஆரம்பப் பதிப்புகள் கீமேன் என்ற இன்னொரு மென்பொருளின் மேல்தான் ஓடின. ஆனால் கீமேன் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்தே வந்தன, ஒரே தடவையில் ஏறின, அஞ்சல் முறையில் அடித்தால் தமிழ் வந்தது. ப்ரீரெக்விசிட் என்பதை இப்படித்தான் கையாள வேண்டும். பயனருக்கு அதன் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் கூடவே கட்டிக் கொடுத்துவிடுவதுதான் தீர்வா? இங்கேதான் விஷயம் சற்று சிக்கலாகிறது. கூடவே கொடுப்பதிலும் இரண்டு வகை உண்டு, அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஃப்ரேம்வொர்க்கின் இன்ஸ்டாலரைக் கூடவே வைத்து, அதைக் கணினியில் முறையாக ஏற்றுவது ஒரு வகை. அப்படி ஏற்றியது எல்லா நிரல்களுக்கும் பொது, பிறகு அதைப் புதுப்பிப்பது விண்டோஸின் பாடு. ஃப்ரேம்வொர்க்கின் ஃபைல்களையே தன் ஃபோல்டருக்குள் வைத்துக்கொண்டு தனக்கென்று மட்டும் பயன்படுத்துவது இன்னொரு வகை. இது சொந்த நகல். இதைப் புதுப்பிக்க விண்டோஸ் வராது.

சொந்த நகல் என்ன செய்யும் என்பதற்கு 2004 செப்டம்பரில் ஒரு பாடம் நடந்தது. ஜேபெக் படங்களைக் கையாளும் ஜிடிஐ ப்ளஸ் என்ற டிஎல்எல்லில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு படத்தைத் திறந்தாலே போதும், கணினி அடுத்தவர் கைக்குப் போய்விடலாம் என்கிற அளவுக்கு மோசமான ஓட்டை. மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்கு மருந்து கொடுத்தது. ஆனால் விண்டோஸ் 98, 2000 ஆகியவற்றில் அந்த டிஎல்எல் கிடையாது என்பதால் ஏகப்பட்ட மென்பொருட்கள் அதன் நகலைத் தங்கள் ஃபோல்டரிலேயே வைத்துக் கொடுத்திருந்தன. விண்டோஸைச் சரிசெய்த பின்பும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு பழைய நகல் உட்கார்ந்திருந்தது. எங்கெங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே தனியாக ஒரு கருவி வெளியிட வேண்டியதாயிற்று.

பத்தொன்பது வருடம் கழித்து அதே கதை. 2023 செப்டம்பரில் வெப்பி என்ற பட வகையைப் படிக்கும் நூலகத்தில் ஓட்டை. குரோம் உலாவி உடனே புதுப்பித்துக்கொண்டது. ஆனால் எலக்ட்ரானில் செய்த ஒவ்வொரு டெஸ்க்டாப் மென்பொருளும் தனக்கென்று ஒரு குரோமியத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது அல்லவா? ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புதுப் பதிப்பு வெளியிட வேண்டியிருந்தது. பெரிய நிறுவனங்கள் செய்துவிடும். ஒருவரே எழுதி, ஒருவரே விற்று, பிறகு வேறு வேலைக்குப் போய்விட்ட மென்பொருட்களை யார் புதுப்பிப்பது?

இன்றைய டாட் நெட்டில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. 2016ல் டாட் நெட் கோர் வந்தது, 2020 நவம்பரில் டாட் நெட் 5 என்று பெயர் மாறியது. இது விண்டோஸோடு வருவதில்லை. எனவே நிரலர் முன் இரண்டு கதவுகள். ஃப்ரேம்வொர்க்கைச் சார்ந்த வெளியீடு என்றால் நிரல் சிறியது, ஆனால் டெஸ்க்டாப் ரன்டைம் தனியாக வேண்டும். செல்ஃப் கன்டெய்ன்டு என்றால் ரன்டைம் முழுவதும் உள்ளேயே வந்துவிடும். விண்ஃபார்ம்ஸிலோ டபிள்யூபிஎஃப்பிலோ எழுதிய சின்ன நிரல்கூடச் சுருக்காத நிலையில் 100 எம்பியைத் தாண்டும். பயனருக்கு எந்தத் தொல்லையும் இல்லை, சொடுக்கினால் ஓடும். பயிற்சி வீடியோ போடுகிற பலரும் இதைத்தான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்கிறார்கள்.

அவர்கள் சொல்லாமல் விடுவது, அது சொந்த நகல் என்பதை. ரன்டைமில் ஓட்டை வந்தால் நிரலர்தான் மறுபடி கட்டி, மறுபடி அனுப்ப வேண்டும். மாதாமாதம் பதிப்பு வெளியிடும் நிறுவனம் என்றால் செல்ஃப் கன்டெய்ன்டு தாராளமாகச் செய்யலாம். ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துபோகும் வேலைக்கு அதைத் தேர்ந்தெடுப்பது, வெளியே மினுமினுப்பாக இருந்தாலும் உள்ளே பொறுப்பற்ற காரியம். அப்படிப்பட்டவர்கள் பொதுவான ரன்டைமின் முழு இன்ஸ்டாலரைக் கூடவே வைத்து ஏற்றிவிடுவது மேல். பயனர் விண்டோஸ் அப்டேட்டில் மற்ற மைக்ரோசாஃப்ட் தயாரிப்புகளுக்கும் புதுப்பிப்பு வேண்டும் என்ற விருப்பத்தை இயக்கி வைத்திருந்தால், அந்த ரன்டைமுக்கு வரும் திருத்தங்கள் தானாக வந்து சேரும்.

அதிலும் ஒரு முள் உண்டு. புதிய டாட் நெட்டில் ஒரு முதன்மைப் பதிப்புக்காகக் கட்டிய நிரல், தானாக அடுத்த முதன்மைப் பதிப்பில் ஓடாது. கணினியில் 8 இருந்தாலும், 6க்காகக் கட்டிய நிரல் 6தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். டாட் நெட் 6 வந்தது 2021 நவம்பரில், அதன் ஆதரவு முடிந்தது 2024 நவம்பரில். மூன்றே வருடம். ஒரு மளிகைக் கடையில் பில் போடும் மென்பொருளின் ஆயுள் மூன்று வருடமா? அங்கெல்லாம் பத்து வருடம் சர்வசாதாரணம். ரோல் ஃபார்வர்டு என்ற அமைப்பை மாற்றி, புதிய பதிப்பிலும் ஓடு என்று சொல்லி வைக்கலாம். ஆனால் சோதித்துப் பார்க்காமல் அப்படிச் சொல்வதும் சூதாட்டம்தான்.

எனவே சின்ன அளவில் மென்பொருள் செய்பவர்களுக்குச் சற்று பழமையான ஒரு யோசனை. விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் ஃப்ரேம்வொர்க்கையே பயன்படுத்துங்கள். டாட் நெட் ஃப்ரேம்வொர்க் 4.8 என்பது 2019 மே மாத விண்டோஸ் 10லிருந்து விண்டோஸோடே வருகிறது, விண்டோஸ் 11லும் இருக்கிறது. விண்டோஸின் ஒரு பகுதியாகவே அதற்கு ஆதரவும் உண்டு. புதுப்புது வசதிகள் இல்லைதான். சி ஷார்ப்பின் லேட்டஸ்ட் அலங்காரங்கள் எல்லாம் கிடைக்காது. ஆனால் வாடிக்கையாளர் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. பில் போட வந்தவருக்கு உள்ளே என்ன பதிப்பு ஓடுகிறது என்பதா முக்கியம்? வேலைக்கான இன்டர்வியூவில் சொல்வதற்காகப் புதிய பதிப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் சுமையைக் கடைக்காரர் தலையில் வைப்பது நம்மவர்களின் வழக்கமாகிவிட்டது.

விண்டோஸோடு வருவதையே நம்பு என்ற இந்தக் கொள்கையும் ஒருமுறை காலை வாரியிருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. விஸ்டாவில் 3.0, விண்டோஸ் 7ல் 3.5 எஸ்பி1 கூடவே வந்தன. அதை நம்பி ஏராளமானவர்கள் 3.5க்குக் கட்டினார்கள். 2012ல் விண்டோஸ் 8 வந்தது. அதில் 4.5 இருந்தது. 3.5 இல்லை, வேண்டுமென்றால் இயக்கிக்கொள்ளலாம் என்ற அளவில் மட்டும் இருந்தது. இயக்கப் போனால் அதன் ஃபைல்களை இணையத்திலிருந்து எடுக்கும், அல்லது விண்டோஸ் டிவிடி வேண்டும். மறுபடியும் 'சிடியைப் போடு' கதை! கூடவே வைத்திருந்த பழைய 3.5 இன்ஸ்டாலரும் அங்கே செல்லுபடியாகவில்லை. விண்டோஸ் 10லும் அதே நிலைதான் தொடர்ந்தது.

கொடுமை என்னவென்றால், அந்த நிரல்களில் பல 4.5லேயே ஓடக்கூடியவை. நிரலோடு வரும் கான்ஃபிக் ஃபைலில் சப்போர்ட்டட் ரன்டைம் என்று இரண்டு வரி எழுதி, 2.0 இருந்தால் அதில் ஓடு, இல்லாவிட்டால் 4ல் ஓடு என்று சொல்லியிருந்தால் போதும். இரண்டே வரி. அதை எழுதாததால் எத்தனை கணினிகளில் 3.5ஐ ஏற்ற மக்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்!

இனி, சோதிக்கும் முறை. ஃப்ரேம்வொர்க் இருக்கிறதா என்று பார்க்க விண்டோஸ் ஃபோல்டருக்குள் அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. பாதியில் தோற்றுப்போன இன்ஸ்டலேஷனும் ஃபோல்டரை விட்டுவிட்டுப் போகலாம், எனவே இது ஏமாற்றும். ரெஜிஸ்ட்ரியில் பார்ப்பதே முறை. 4.5லிருந்து அதில் ரிலீஸ் என்று ஒரு எண் இருக்கும். இதிலும் பலர் சறுக்குகிறார்கள். 4.5.1க்கு விண்டோஸ் 8.1ல் 378675, மற்ற விண்டோஸ்களில் 378758. ஒரே பதிப்பு, இரண்டு எண்கள்! 'இந்த எண்ணுக்குச் சமமா' என்று கேட்டு எழுதிய இன்ஸ்டாலர், இருக்கிறதையே இல்லை என்று சொல்லும். அல்லது அதைவிடப் புதியது இருக்கும்போது பழையதை ஏற்றப் பார்க்கும். 4.8 வேண்டுமென்றால் 528040 அல்லது அதற்கு மேல் என்றுதான் கேட்க வேண்டும். ஒரு சமக்குறிக்குப் பதில் 'பெரியது அல்லது சமம்' போடுவதில்தான் வாடிக்கையாளரின் ஒரு மாலைப்பொழுது இருக்கிறது.

ஏற்றும்போது நடப்பவையும் முக்கியம். எந்தச் சத்தமும் இல்லாமல் பின்னணியில் ஏற்றிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஐந்து நிமிடம் திரையில் ஒன்றுமே அசையாவிட்டால் பயனர் என்ன செய்வார்? மறுபடி சொடுக்குவார். இல்லாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் போய்க் கொன்றுவிடுவார். கேள்வி கேட்காதே, ஆனால் எவ்வளவு முடிந்தது என்று காட்டிக்கொண்டே இரு என்பதுதான் சரியான வழி. ஃப்ரேம்வொர்க் இன்ஸ்டாலர் முடிந்ததும் 3010 என்று ஒரு எண்ணைத் திருப்பித் தரலாம். ஏறிவிட்டது, ஆனால் ரீஸ்டார்ட் தேவை என்று அர்த்தம். பூஜ்யம் வராததெல்லாம் தோல்வி என்று எழுதியவர்களின் இன்ஸ்டாலர், வெற்றியைப் பார்த்தே பயந்து நின்றுவிடும். ரீஸ்டார்ட் செய்தால் விட்ட இடத்திலிருந்து தானாகத் தொடரவும் வேண்டும். அதற்கு ரெஜிஸ்ட்ரியில் ரன்ஒன்ஸ் என்ற இடம் எப்போதிலிருந்தோ இருக்கிறது. பயன்படுத்துபவர்கள்தான் குறைவு.

அட்மின் அனுமதி இன்னொரு தலைவலி. கிளிக்ஒன்ஸ் போன்ற முறைகளில் நிரலை ஏற்ற அட்மின் உரிமை தேவையில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு வேண்டிய ஃப்ரேம்வொர்க்கை ஏற்ற அட்மின் வேண்டும். அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு இந்த வித்தியாசம் நடுவழியில்தான் தெரியவரும்.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. 1997லிருந்து ஜோர்டன் ரஸ்ஸல் கொடுத்துவரும் இன்னோ செட்டப், வின்ஆம்ப் தந்த நல்சாஃப்ட்டிலிருந்து வந்த என்எஸ்ஐஎஸ், இரண்டுமே இலவசம். எம்எஸ்ஐ முறையைச் சாராதவை என்பதால் நடுவிலேயே ஃப்ரேம்வொர்க்கை ஏற்றலாம், 1618 தொல்லை இல்லை. 2004ல் மைக்ரோசாஃப்ட் திறந்த மூலமாக வெளியிட்ட விக்ஸில், 2012ல் வந்த 3.6 பதிப்பிலிருந்து பர்ன் என்ற பூட்ஸ்ட்ராப்பர் உண்டு. அதன் முகப்பை டாட் நெட்டிலேயே எழுதலாம். அப்போது அந்த முகப்புக்கே டாட் நெட் வேண்டுமே என்பதற்காக, டாட் நெட் இல்லாமல் ஓடும் ஒரு சின்ன முகப்பையும் உள்ளே வைத்திருக்கிறார்கள். கோழியா முட்டையா என்ற பிரச்சினையை இவ்வளவு பொறுமையாக யாரும் தீர்த்ததில்லை.

அன்இன்ஸ்டால் செய்யும்போது ஃப்ரேம்வொர்க்கையும் எடுத்துவிட வேண்டுமா? கூடாது. அது வந்த பிறகு வேறு பத்து நிரல்கள் அதன் மேல் உட்கார்ந்திருக்கலாம். கொண்டுவந்தவருக்கே அதை எடுத்துப்போகும் உரிமை இல்லாத விசித்திரமான பொருள் அது. கூடவே கொடுக்க உரிமம் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். டாட் நெட்டுக்குப் பிரச்சினையில்லை. ஜாவாவில் 2019ல் ஆரக்கிள் உரிமத்தை மாற்றியபோது, கூடவே ஆரக்கிள் ஜாவா கொடுத்துவந்தவர்கள் ஓபன் ஜேடிகேக்கு ஓட வேண்டியிருந்தது.

கடைசியாகச் சோதனை. நிரல் எழுதிய கணினியில் இன்ஸ்டாலரைச் சோதிப்பது வீண் வேலை. அங்கே விஷுவல் ஸ்டூடியோ எல்லா ஃப்ரேம்வொர்க்கையும் ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கும், எதுவும் விட்டுப்போனது தெரியாது. முன்பெல்லாம் இதற்காகத் தனியாக ஒரு கணினியை ஃபார்மட் செய்ய வேண்டியிருந்தது. இப்போது விண்டோஸ் 10 ப்ரோ, 11 ப்ரோ வைத்திருப்பவர்கள் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் என்ற வசதியை இயக்கினால், ஒவ்வொரு தடவையும் புத்தம்புதிய விண்டோஸ் ஒன்று சில நொடிகளில் திறக்கும். மூடினால் எல்லாம் அழிந்துவிடும். அதில் நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு உங்கள் செட்டப்பை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அந்தக் கடைக்காரர் பார்க்கப்போகும் திரை அதுதான். ப்ராஜெக்ட் வைவாவுக்கு முந்தைய நாள் இரவு செய்யாமல், ஒரு வாரம் முன்னாலேயே செய்தால் இன்னும் நல்லது.